அப்பா கேட்ட கேள்வி

எங்கள் அப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஒலிபெருக்கியில் பேசினார். அது 2005-ஆம் ஆண்டு. காவிரிக்கரை ஊர் ஒன்றில், ஒரு கல்யாண மண்டபத்தில், பழைய தனியார் வங்கி ஒன்றின் பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்களில் இளையவன் துணைக்குப் போயிருந்தான். மற்ற இருவரும் அன்றிரவு அவன் சொல்லக் கேட்டோம். அதன்பின் எத்தனையோ முறை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில், மூவருமே அந்த மண்டபத்தில் இருந்ததாக இப்போது ஒரு நினைவு அமைந்துவிட்டது.

அப்பா எழுந்து, மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சேர்மன் ஐயாவுக்கு வணக்கமுங்க. சிங்கப்பூரோட நம்ம கவர்மென்டு ஒப்பந்தம் போட்டிருக்குதுன்னு பேப்பர்ல பார்த்தனுங்க. அதனால நம்ம பேங்குக்கு என்ன ஆகுமுங்க?" என்று கேட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசைக்கும் சிரிப்பு பரவியது. மேடையில் இருந்தவர் சிரிக்கவில்லை. அதையெல்லாம் டெல்லியில் பார்த்துக்கொள்வார்கள், நம்முடைய வங்கி நம் ஊர் மக்களுடையது, ஐயாவின் ஆர்வத்திற்கு நன்றி என்று பண்போடு சொல்லி அமர்ந்தார். அடுத்து எழுந்த பங்குதாரர், சென்ற ஆண்டைக் காட்டிலும் இந்த ஆண்டு தந்த பை ஏன் சிறியதாக இருக்கிறது என்று கேட்டார். மண்டபம் முழுவதும் அவரை ஆதரித்துக் கை தட்டியது.

வீட்டுக்கு வந்த அப்பாவிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "காபி குடுத்தாங்களா?"

*

அப்பா ஒரு நூல் கடையில் கணக்கு எழுதியவர். சம்பளம் எங்கள் மூவரின் படிப்புக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது. அப்படி இருந்தும் எழுபதுகளின் நடுவில், அந்த வங்கியின் நூற்றைம்பது பங்குகளை வாங்கினார். பிறகு போனஸ் என்றும் உரிமைப் பங்கு என்றும் வந்தவை சேர்ந்து ஆயிரத்துக்கும் மேலாயின. அவற்றின் பத்திரங்கள் பச்சை இரும்புப் பெட்டியில், ரேஷன் அட்டைக்கும் எங்கள் ஜாதகங்களுக்கும் இடையில் கிடந்தன. ஆண்டுக்கொருமுறை வரும் ஈவுத்தொகைக் காசோலையை அவர் உடனே வங்கியில் போடமாட்டார். இரண்டு நாள் சுவாமி படத்தின் முன் இருக்கும். "நாமும் ஒரு முதலாளிதான்" என்பார். கடை முதலாளியின் வசவைக் கேட்டுவிட்டு வந்த நாள்களில் இதை இன்னும் சற்று உரக்கச் சொல்வார் என்பதை நாங்கள் வளர்ந்த பிறகே கவனித்தோம்.

அவருக்கு இந்தப் பித்து அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. தாத்தா ஈப்போவில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஐம்பதுகளில் ஊர் திரும்பியவர். கொண்டுவந்த பணத்தில் கொஞ்சம் நிலம், கொஞ்சம் நகை, மீதிக்கு வங்கிப் பங்குகள். அந்த வங்கி, 1969 ஜூலை 19 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் அரசுடைமையான பதினான்கு வங்கிகளில் ஒன்று. அன்றிரவு வானொலியில் செய்தி கேட்ட தாத்தா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாராம். அவை இருந்தன. அவற்றின் பொருள்தான் மாறியிருந்தது.

அந்த ஜூலை மாதத்தை வரலாறாகப் படிக்கும்போது, வங்கிகளைப் பற்றிய பேச்சு அதில் எவ்வளவு குறைவு என்பது வியப்பளிக்கிறது. காங்கிரஸ் கட்சி பிளவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கியிருந்தது. ஜூலை 16 அன்று மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவசரச் சட்டம். அதில் கையெழுத்திட்டவர் அப்போது தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி. ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத் தொகை வைத்திருந்த வங்கிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. கிராமத்துக்கு வங்கி போகவேண்டும், விவசாயிக்குக் கடன் கிடைக்கவேண்டும் என்ற நோக்கம் உண்மையானது, பின்னர் பெருமளவு நிறைவேறியதும்கூட. ஆனால் நாளும் நேரமும் குறித்தது கட்சிச் சண்டை. ஒரு கட்சிக்குள் யார் வலியவர் என்ற கேள்விக்கு விடை கிடைத்த நாளில், ஈப்போவில் இருபதாண்டு உழைத்த ஒருவரின் பெட்டியில் இருந்த காகிதங்கள் தன்மை மாறின.

பங்குதாரர்களில் ஒருவர் வழக்குக்குப் போனார். ஆர்.சி. கூப்பர். சென்ட்ரல் வங்கி முதலிய சில வங்கிகளில் பங்கு வைத்திருந்தவர். அவருக்காக வாதாடியவர் நானி பால்கிவாலா. நிறுவனத்தின் சொத்தை எடுத்துக்கொண்டதற்குப் பங்குதாரர் எப்படி வழக்குப் போடலாம் என்பது அரசுத் தரப்பின் கேள்வி. நிறுவனம் பாதிக்கப்படும் அதே செயலால் பங்குதாரரின் உரிமையும் பாதிக்கப்பட்டால், அவர் தம் பெயரில் நியாயம் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1970 பிப்ரவரி 10 அன்று பதினோரு நீதிபதிகளில் பத்துப் பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. பதினான்கு வங்கிகளுக்கும் சேர்த்து 87.40 கோடி ரூபாய் இழப்பீடு என்று ஆனது. தவணைகளில் ரொக்கமாகவோ அரசுப் பத்திரங்களாகவோ வாங்கிக்கொள்ள வகை செய்யப்பட்டது. வங்கி போனது போனதுதான். எனினும் விலை ஒன்று பேசப்பட்டது. தாத்தா அதை மறக்கவில்லை. "எடுத்துக்கிட்டான், ஆனா காசு குடுத்தான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பாராட்டா குறையா என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

இந்தத் தீர்ப்பில் நாங்கள் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் வேறு. 1969-இல் அயல்நாட்டு வங்கிகள் எதுவும் தொடப்படவில்லை. இந்தியப் பங்குதாரரின் வங்கி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே தெருவில் இருந்த லண்டன் வங்கியின் கிளை மறுநாளும் வழக்கம்போலத் திறந்தது. அயல் வணிகத்துக்கு அவை தேவை, அவற்றைத் தொட்டால் அந்நாடுகளில் உள்ள நம் வங்கிகளுக்கு என்ன ஆகும் என்ற கணக்கு இருந்தது. இப்படிப் பாகுபடுத்தியதும் அச்சட்டம் விழுந்ததற்கு ஒரு காரணம்.

அந்தக் கணக்கும் முழுவதும் பலிக்கவில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. மு. சிதம்பரம் செட்டியார் அதைத் தொடங்கியபோது கடல் ஒரு தடையாகத் தோன்றியிருக்காது. 1963-இல் பர்மா அரசு வங்கிகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது ரங்கூன் போயிற்று. பிறகு மலேசியா. வேற்று அரசுக்குச் சொந்தமான வங்கிக்குத் தன் மண்ணில் இடமில்லை என்றது அந்நாட்டுச் சட்டம். டெல்லியில் நாட்டுடைமை ஆனதாலேயே இவை 'வேற்று அரசின் வங்கிகள்' ஆகிவிட்டன. அதனால் 1973-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி மூன்றும் அங்கிருந்த தங்கள் கிளைகளைச் சேர்த்து யுனைடெட் ஏசியன் வங்கி என்று ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. டெல்லியில் ஒரு கட்சி உடைந்தது. அதன் அதிர்வு நான்காண்டு கழித்துக் கோலாலம்பூரில் ஒரு பெயர்ப்பலகையை மாற்றியது. தாத்தா ஈப்போவில் கணக்கெழுதியவர் என்பதால் எங்கள் வீட்டில் இது கதையாகவே சொல்லப்பட்டது. அப்பா சிங்கப்பூரைப் பற்றிக் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கவேண்டும்.

*

அவர் கேட்டது என்ன என்பதைப் பார்ப்போம்.

வங்கித்தொழில் நெடுங்காலம் ஒரு நாட்டின் உள்வீட்டு விவகாரமாகவே இருந்தது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, சேவைகளும் அரிசி, பருத்தி போல் பேரம் பேசும் பொருளாயின. ஜெனிவாவில் நடந்த நிதிச்சேவைப் பேச்சுவார்த்தை 1997 டிசம்பரில் முடிந்தது. அயல் வங்கிகளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு கிளைகளுக்கு உரிமம் தருவதாக இந்தியா வாக்களித்தது. நாட்டின் மொத்த வங்கிச் சொத்தில் அயல் வங்கிகளின் பங்கு 15 சதவிகிதத்தைத் தாண்டினால் புதிய உரிமங்களை மறுக்கலாம் என்ற ஒரு தாழ்ப்பாளையும் வைத்துக்கொண்டது. பன்னிரண்டு, பதினைந்து என்ற இந்த எண்கள் காவிரிக்கரை மண்டபத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களின் சொத்து மதிப்பை ஓரளவு தீர்மானித்துக்கொண்டிருந்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எண்கள் தெரியாது.

பிறகு தோஹா சுற்று. 2008 ஜூலையில் அது முறிந்தபோது காரணமாகச் சொல்லப்பட்டது விவசாயம், அதாவது திடீர் இறக்குமதிப் பெருக்கிலிருந்து உழவரைக் காக்கும் வழிமுறை. சேவைகள் பற்றிய பேச்சும் அதனோடு நின்றது. பெரிய மேசை முடங்கியபோது சிறிய மேசைகள் பெருகின. இரண்டு நாடுகள் மட்டும் எதிரெதிரே அமர்ந்து பேசுபவை. அப்படிப்பட்ட ஒன்றுதான் 2005 ஜூன் 29 அன்று இந்தியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம். ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் டிபிஎஸ், யூஓபி, ஓசிபிசி என்ற மூன்று சிங்கப்பூர் வங்கிகளுக்குத் தனிச் சலுகை இருந்தது. இந்தியாவில் முழு உரிமையுள்ள துணை நிறுவனம் அமைத்தால், கிளை திறப்பதில் இந்திய வங்கிகளுக்கு ஒப்பாக அவை நடத்தப்படும். கிளைகளாகவே தொடர விரும்பினால், மூன்றுக்கும் சேர்த்து நான்காண்டில் பதினைந்து கிளைகள் தனி ஒதுக்கீடு. பதிலுக்கு இந்திய வங்கிகளுக்குச் சிங்கப்பூரில் விரிந்த உரிமம். பாரத ஸ்டேட் வங்கி அதை 2008-இல் பெற்றது.

பேரத்தின் இயல்பே இதுதான். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவது. அதில் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் கொடுக்கப்படும் பொருளும் பெறப்படும் பொருளும் ஒருவருடையவை அல்ல. மும்பையின் பெரிய வங்கிக்குச் சிங்கப்பூர் வாசல் திறக்கிறது. திறக்கப்பட்ட இந்திய வாசலின் பக்கத்தில் குடியிருப்பது ஏதோ ஓர் ஊரின் சிறிய வங்கி. தேசம் என்ற மொத்தக் கணக்கில் வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. பேரேட்டில் தனித்தனிப் பெயர்களுக்கு நேரே பார்த்தால்தான் யாருக்கு வரவு, யாருக்குப் பற்று என்பது தெரியும். நூல் கடைக் கணக்கர் பேரேட்டை அப்படித்தான் பார்த்தார் போலும்.

உள்நாட்டில் விதிகளும் அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தன. 2004 மார்ச்சில் தனியார் வங்கிகளில் அயல் முதலீட்டின் உச்சவரம்பு 74 சதவிகிதம் ஆயிற்று. ஆனால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்குப் பத்து சதவிகித வாக்குதான் என்ற சட்டம் அப்போது மாறவில்லை. 2012-இல் திருத்தம் நிறைவேறி, அதன்படி வரம்பு 26 சதவிகிதம் ஆனதும் பின்னரே. கூட்டணி ஆட்சிகள், இடதுசாரிகளின் எதிர்ப்பு, வங்கி ஊழியர் சங்கங்களின் வேலைநிறுத்தம் எல்லாம் இந்தத் தாமதத்தில் இருந்தன. அந்தத் தாமதம் சிறிய பங்குதாரரைக் காத்ததா, இல்லை நல்ல விலை கிடைத்திருக்கக்கூடிய காலத்தில் வாங்குபவரைத் தடுத்ததா என்று எங்கள் மூவருக்குள் இன்றும் ஒத்த கருத்தில்லை.

2008-இல் உலக நிதி நெருக்கடி வந்தது. அயல் வங்கிகளுக்கான கதவை அகலத் திறக்க ரிசர்வ் வங்கி வகுத்திருந்த திட்டத்தின் இரண்டாம் கட்டம் நின்றது. துணை நிறுவனங்களுக்கான விதிகள் 2013 நவம்பரில்தான் வந்தன. டிபிஎஸ் தன் இந்தியத் துணை நிறுவனத்தை 2019 மார்ச் 1 அன்று தொடங்கியது. ஒப்பந்தத்தில் மை காய்ந்து பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. அப்பா அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார்.

*

2020 நவம்பர் 17 மாலை. பெருந்தொற்றுக் காலம். எங்களில் மூத்தவள் சென்னையிலும் நடுவண்ணன் கோவையிலும் இளையவன் ஊரில் அம்மாவோடும் இருந்தோம். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி முடக்கப்பட்டது, ஒருவர் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. எங்கள் பங்குகள் அந்த வங்கியினுடையவை அல்ல. ஆனால் கரூர் எங்களுக்கு அயலூரும் அல்ல. அங்கே யாருடைய வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் அந்தப் பத்திரம் இருக்கும் என்பது பேச்சு வழக்கு. 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் தொடங்கிய வங்கி அது. அதன் வாராக்கடன் பெருகி, மூலதனம் கரைந்து, 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக்குள் வந்தது. வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றோடு இணையும் திட்டத்தை ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020 செப்டம்பர் 25 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். கல்யாண மண்டபக் கூட்டங்களிலேயே வளர்ந்த எங்களுக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. பையின் அளவைப் பற்றி மட்டுமே கேட்டவர்கள் வாக்கைப் பயன்படுத்திவிட்டார்கள்! சரியாக ஐம்பத்துமூன்றாம் நாள் அந்த வாக்குக்கு வேலையில்லாமல் போயிற்று.

நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தர, 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் இந்தியாவோடு இணைந்தது. சிங்கப்பூரிலிருந்து 2,500 கோடி ரூபாய் மூலதனம் வந்தது. இருபது லட்சம் வைப்பாளர்களின் பணம் காக்கப்பட்டது. நாலாயிரம் ஊழியர்களின் வேலை நிலைத்தது. பங்கு மூலதனமும் காப்பு நிதிகளும் முழுவதுமாகக் கழிக்கப்பட்டன. முடக்கம் வந்த அன்று பதினைந்து ரூபாய்ச் சுமாரில் சந்தையில் கைமாறிய பங்கு, பத்து நாளில் வெறுங்காகிதம் ஆயிற்று. பங்குதாரர்கள் நீதிமன்றங்களை நாடினார்கள். இணைப்பு நிற்கவில்லை.

நியாயத்தைச் சொல்லவேண்டும். பங்குதாரர் என்பவர் லாபத்தில் பங்கு பெறுபவர், எனவே நட்டத்தில் முதலில் விழவேண்டியவர். வைப்பாளருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, பங்குதாரருக்குக் கிடையாது, இருக்கவும் கூடாது. மூலதனம் கரைந்துபோன வங்கியில் அதன் உரிமையாளருக்கு என்ன மிஞ்சும்? கையில் காசோடு வந்து உடனே பொறுப்பேற்க ஆள் இருந்தது என்பதே வைப்பாளர்களின் நல்வினை. இதையெல்லாம் எங்களில் நடுவண்ணன் அன்றிரவு தொலைபேசியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மூத்தவள் கேட்டாள்: "அப்போ எஸ் பேங்க்?"

அதே 2020 மார்ச்சில் எஸ் வங்கி முடங்கியபோது பாரத ஸ்டேட் வங்கி முன்னின்று பங்கு ஒன்று பத்து ரூபாய் என்ற விலையில் மூலதனம் போட்டது. பழைய பங்குதாரர்களின் பங்குகளில் பெரும்பகுதி மூன்றாண்டு விற்க முடியாதபடி பூட்டப்பட்டது. ஆனால் அவை அழிக்கப்படவில்லை. பூட்டியதைத் திறக்கலாம், அழித்ததை என்ன செய்வது? அங்கே அழிக்கப்பட்டவை 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள். ஒரே ஆண்டு, ஒரே சட்டத்தின் கீழ், இரண்டு வங்கிகள், இரண்டு விதி. ஒன்று நாடெங்கும் பரவிய பெரிய வங்கி, அதைத் தாங்கச் சொந்த நாட்டு வங்கிகள் அழைக்கப்பட்டன. மற்றொன்று ஒரு மூலையின் சிறிய வங்கி, அதற்கு வந்தவரோ அயல் வங்கி. அந்த அயல் வங்கியில் ஏறத்தாழ 29 சதவிகிதம் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு உரியது.

ஒப்பந்தம் ஒன்றினால்தான் கரூர் போயிற்று என்று நாங்கள் சொல்லவில்லை. வங்கியை விழச் செய்தவை அதன் கடன்கள். ஆனால் விழுந்தவரைத் தூக்க யார் வாசலில் நிற்பார்கள் என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் மேசையில் பேசி வைக்கப்பட்டிருந்தது. கிளை ஒதுக்கீட்டுக்காகக் காத்துக் கிடந்த பழைய அயல் வங்கியாக மட்டும் இருந்திருந்தால், ஐநூற்றுச் சொச்சம் கிளைகள் ஒரே நாளில் கைக்கு வருவது அவ்வளவு எளிதாக நடந்திருக்காது. "நம்ம பேங்குக்கு என்ன ஆகுமுங்க" என்ற கேள்விக்குப் பக்கத்து ஊரில் விடை வந்திருந்தது. அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூடவா அந்த வங்கியிலும் பங்கு வைத்திருக்கமாட்டார் என்று எண்ணினோம். அந்த எண்ணத்தில் பழிவாங்கும் சுகம் சிறிது கலந்திருந்ததை ஒப்புக்கொள்கிறோம். பிறகு வெட்கமாகவும் இருந்தது.

*

அதன்பின் எங்களுக்குள் சண்டை. காகிதப் பத்திரங்களை வாரிசுகள் பெயருக்கு மாற்றி மின்னணுக் கணக்கில் சேர்க்கும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. வாரிசுச் சான்றிதழ், நோட்டரி, உறுதிமொழிப் பத்திரம் என்று ஓராண்டு அலைந்திருந்தோம். "எல்லாவற்றையும் நாளைக்கே விற்றுவிடலாம்" என்றாள் மூத்தவள். அவளுடைய மகளின் கல்லூரிக் கட்டணம் அவ்வாண்டு கட்டவேண்டியிருந்தது. நடுவண்ணன், இப்போது எல்லாரும் பயந்து விற்கிறார்கள், ஓராண்டு பொறுக்கலாம் என்றார். இளையவன் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அப்பா எழுதிய ஒரு சிறிய குறிப்பேட்டைப் படம் பிடித்து இருவருக்கும் அனுப்பினான். அதில் 1976 முதல் வந்த ஒவ்வோர் ஈவுத்தொகையும், அது எதற்குச் செலவாயிற்று என்பதும் இருந்தன. பள்ளிக்கட்டணம், அம்மாவின் பல், கூரை ஓடு. ஒரு பக்கத்தில் மட்டும், 2005-க்கு நேரே, தொகையை எழுதிவிட்டு அருகில் 'விற்கலாமா?' என்று எழுதி, அடித்திருந்தார்.

அதைப் பார்த்த பிறகு பேச்சு எளிதாயிற்று. முதலாளி என்ற சொல்லின் மேல் அவருக்கு இருந்த மயக்கம் நாங்கள் எண்ணியதுபோல் குருட்டு மயக்கம் அல்ல. சந்தேகத்தோடேயே வைத்திருந்திருக்கிறார். போனஸ் பங்குகளையும் உரிமைப் பங்குகளையும் விற்றோம். மகளின் கட்டணம் கட்டப்பட்டது. அம்மாவின் கண் அறுவையும் முடிந்தது. முதலில் வாங்கிய நூற்றைம்பதை மட்டும் ஆளுக்கு ஐம்பதாக வைத்துக்கொண்டோம். ஐம்பது பங்கை வைத்திருப்பவர் முதலாளி அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

*

இதை இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் முதலில் 25 சதவிகிதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 சதவிகிதமும் வரி விதித்தது. திருப்பூரின் பனியனும் கரூரின் படுக்கை விரிப்பும் 50 சதவிகித வரியைச் சுமந்தன. அந்தத் தறிகளும் தையல் இயந்திரங்களும் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கியவை. 2005 ஜனவரி 1 அன்று ஆடைகளுக்கான பழைய ஒதுக்கீட்டு முறை உலக அளவில் முடிந்தபோது, அதே ஊர்களின் வங்கிகள் முண்டியடித்துக் கடன் கொடுத்தன, பங்குகள் ஏறின. அதுவும் ஜெனிவாவில் பேசி முடித்த ஒன்றுதான். வரி வந்ததும் தவணைகள் தடுமாறின. நவம்பரில் ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களின் கடன் தவணைகளுக்கு அவகாசம் தர வழிவகுத்தது. கரூரில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் எங்கள் மருமகனுக்கு இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது.

அதே அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் என்பிடி, ஆர்பிஎல் வங்கியின் அறுபது சதவிகிதத்தை வாங்குவதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன் ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுயி, எஸ் வங்கியில் பெரும்பங்கு ஒன்றை வாங்கியிருந்தது. இம்முறை விலை கொடுத்து வாங்கினார்கள். எந்த ஆண்டில் விழுகிறோம், அன்று டெல்லிக்கு எது வேண்டியிருக்கிறது, எந்த நாட்டோடு பேச்சு நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே காகிதம் பூஜ்யமாகவும் பொன்னாகவும் ஆகிறது. வங்கியின் ஆண்டறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தாலும் இதற்கான குறிப்பு அதில் கிடைக்காது. செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தில் கிடைக்கலாம். அப்பா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்.

பொதுக்கூட்டங்கள் இப்போது காணொளியில் நடக்கின்றன. பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் கொடுக்கவேண்டும். சென்ற முறை எங்கள் மூவர் சார்பில் இளையவன் பெயர் கொடுத்தான். இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். முந்தைய இரவு மூவரும் தொலைபேசியில் அமர்ந்து கேள்வியை எழுதினோம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் ஜவுளி நிறுவனங்களுக்கு வங்கி கொடுத்துள்ள கடன் எவ்வளவு, வரி நீடித்தால் என்ன ஏற்பாடு என்பது கேள்வி. நீளமாக எழுதி, பிறகு வெட்டி வெட்டி, கடைசியில் அப்பாவின் வாக்கியத்துக்கு மிக அருகே வந்து நின்றோம்.

யாரும் சிரிக்கவில்லை. காணொளியில் எல்லாருடைய ஒலியும் அடைக்கப்பட்டிருந்ததால், சிரித்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஆனால் மேடையில் இருந்தவர் (மேடை என்பது பழக்கத்தால் வரும் சொல்) ஒரு தாளை எடுத்துத் தொகையைப் படித்தார். எத்தனை கணக்குகள் அவகாசம் கேட்டிருக்கின்றன என்று சொன்னார். நிலைமையைக் கவனித்து வருகிறோம் என்றார். அந்தத் தொகை அச்சமூட்டும்படியும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. ஆனால் அது ஒரு விடை. இருபது ஆண்டுகளில் இவ்வளவு நடந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து திரையை அணைத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "அவ்வளவுதானா? காபி எல்லாம் கிடையாதா?"

இளையவன் எழுந்து போய் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தம்ளர் போட்டு வந்து அம்மாவிடம் கொடுத்ததாகச் சொன்னான்.